எவ்வளவு குறைத்தால் போதும்? புற்றுநோய்ச் செலவும் செங்கல்பட்டின் ஆய்வு மரபும்

மாமல்லபுரத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செங்கல்பட்டு வழியாகப் போனால் அதைவிடக் கூடுதல். மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் ஊர்களான தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ மார்பகக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணிடம், அடுத்து 'கரன்ட்' வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. பழைய முறைப்படி வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். மொத்தம் 25 தடவை. தோலில் மார்க்கர் மையால் கோடு போட்டு, குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மேசையில் படுக்கவைத்து அந்தக் கோட்டைச் சரிபார்க்கச் சில நிமிடம், கதிர் பாய்ச்சச் சில நிமிடம். அந்தச் சில நிமிடங்களுக்குப் போக வர நூறு கிலோமீட்டர், துணைக்கு ஒருவர், வெளியில் சாப்பாடு, இருவருக்கும் போன கூலி. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குப் பணம் கட்டிவிடும். கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகாத நாளுக்கு யார் கட்டுவது?

அந்த 25 முதலில் 15 ஆனது, பிறகு 5 ஆனது. புதிய எந்திரம் எதுவும் வந்ததால் அல்ல. ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவைக் கூட்டி, தடவைகளைக் குறைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று பிரிட்டனில் சிலர் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து விடை கண்டார்கள். அந்த வரிசையில் கடைசிப் பெரிய ஆய்வான 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' 97 மருத்துவமனைகளில் 4,096 பேரைச் சேர்த்தது. 2020-ல் அதன் ஐந்தாண்டு முடிவு வெளியானது. ஒரே வாரத்தில் ஐந்து தடவையில் முடிக்கும் சிகிச்சை, மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கே முதன்மையாகப் பொருந்தும். ஆனாலும் நம் கொக்கிலமேட்டுப் பெண்ணுக்கு இருபது நாள் திரும்பக் கிடைக்கிறது. எந்த மானியமும் இலவச பஸ் பயணமும் செய்ய முடியாத வேலையை ஓர் ஆய்வு செய்திருக்கிறது.

ஆராய்ச்சி என்றதும் புதிய மருந்து, புதிய எந்திரம், கோடிக்கணக்கில் செலவு என்றே நமக்குத் தோன்றுகிறது. புற்றுநோய்ச் செலவு ஏறுவதற்கு ஒரு வகை ஆராய்ச்சி காரணம் என்பதும் உண்மையே. அந்தச் செலவை இறக்கக்கூடியதும் ஆராய்ச்சிதான். ஆனால் அது வேறு வகை. 'இன்னும் எதைச் சேர்க்கலாம்' என்று கேட்கும் ஆராய்ச்சிக்கு நிறுவனங்கள் பணம் போடும். 'எதைக் குறைத்தால் போதும்' என்று கேட்பதற்கு எந்த நிறுவனமும் போடாது. தன் சரக்கு பாதியாக விற்பதை நிரூபிக்க யார் காசு கொடுப்பார்கள்? இந்த இரண்டாவது வகையில் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. அதை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் என் குறை.

முதலில் செலவைப் பார்த்துவிடலாம். 2017-18-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு எடுத்த கணக்கின்படி, புற்றுநோய்க்காக ஒருமுறை மருத்துவமனையில் தங்கினால் அரசு மருத்துவமனையில் சராசரியாக 22,000 ரூபாய்க்கு மேல், தனியாரில் 93,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இது ஒருமுறைக் கணக்கு. புற்றுநோய் ஒருமுறையோடு விடுகிற நோயல்ல. தமிழக முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்குகிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, ஆட்சிகள் மாறியும் நின்றுபோகாமல் வளர்ந்த திட்டம் அது. அறுவைக்கும் வழக்கமான கீமோவுக்கும் அது பெரிய துணை. புதிய நோயெதிர்ப்பு மருந்துகளின் முன்னால் அந்த 5 லட்சம் சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு நகை அடகுக் கடை, பிறகு வட்டி.

மருந்து விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு இமாட்டினிப் ஒரு பாடம். ஒருவகை ரத்தப் புற்றுநோயைத் தினம் ஒரு மாத்திரையால் கட்டுக்குள் வைக்கும் அற்புதமான மருந்து. 2001-ல் அமெரிக்காவில் அதன் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 30,000 டாலர். 2012-ல் 92,000 டாலர். இடையில் மாத்திரை மாறவில்லை, விலைதான் மாறியது. பொறுக்கமாட்டாமல் 2013-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ரத்தப் புற்றுநோய் நிபுணர்களே சேர்ந்து எதிர்ப்புக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த நிலை வராமல் தடுத்த வழக்கு சென்னையில் தொடங்கியது. அந்த மாத்திரையைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் தள்ளுபடி செய்தது. பழைய மருந்தைச் சற்று உருமாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. மாதம் 1,20,000 ரூபாய் அளவில் இருந்த மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கல்லீரல் மற்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதச் செலவு 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது.

சட்டத்தால் விலையை இறக்கலாம். மொத்தக் கொள்முதலாலும் இறக்கலாம்: தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த மருத்துவமனைகள் ஒன்றுகூடி 40 மருந்துகளுக்குப் பேரம் பேசியதில் சுமார் 1,320 கோடி ரூபாய் மிச்சமானது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்தே செய்துவரும் வேலைதான் இது. 2019-ல் 42 மருந்துகளுக்கு விற்பனை லாப உச்சவரம்பு, பின்னர் சுங்கவரி விலக்கு, ஜிஎஸ்டி குறைப்பு என ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் நல்லதே. ஆனால் இவை அனைத்தும் ஒரு மில்லிகிராமின் விலையைப் பற்றியவை. எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை அந்தக் கேள்வியைக் கேட்டது. நிவோலுமாப் என்பது புற்றணுக்களை அடையாளம் காணவிடாமல் நம் எதிர்ப்பணுக்களைப் பூட்டிவைக்கும் பூட்டைத் திறக்கும் மருந்து. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய ஏழை நோயாளிகளில் மிகச் சிலரே அதை வாங்க முடியும். டாடா மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மலிவான வாய்வழி மாத்திரைகளை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். அவற்றோடு இந்தச் சிறு அளவு நிவோலுமாபும் சேர்ந்தபோது 43.4 சதவீதம்.

இது ஏன் வேலை செய்கிறது? பழைய கீமோ மருந்துகள் நஞ்சு. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகக் கொல்லும் என்பதால், உடல் தாங்கும் உச்ச அளவைத் தேடிப் பிடித்து அதையே கொடுப்பது வழக்கம். நோயெதிர்ப்பு மருந்தின் கணக்கு வேறு. அணுக்களின் மேலுள்ள ஏற்பிகள் எல்லாம் நிறைந்துவிட்டால் அதற்குமேல் ஊற்றுவது வீண். அந்த நிறைவு மிகக் குறைந்த அளவிலேயே வந்துவிடுகிறது. அளவை நிர்ணயித்த ஆரம்ப ஆய்வுகளிலேயே இதற்கான தடயம் இருந்தது. ஆனால் மருந்து அங்கீகாரம் பெற்று விற்பனைக்கு வந்தபின் யாரும் திரும்பிப் போய்க் குறைந்த அளவைச் சோதிக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டாடா ஆய்வில் இருந்தவர்கள் 151 பேர்தான், முழு அளவோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வும் அல்ல அது. பெரிய ஆய்வுகள் தேவை. அவற்றை நாம்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் நமக்குத்தான் விடை தேவைப்படுகிறது.

இனிச் செங்கல்பட்டுக்கு வருவோம். ஊரை ஒட்டிய திருமணியில் இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன் அங்கே இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1940-களில் தொழுநோய்க்குப் புதிதாக வந்த மருந்து புரோமின். அமெரிக்காவில் நரம்பு வழியே ஏற்றப்பட்ட அந்த ஊசியை நம் ஊரில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுப்பது நடக்காத காரியம். மருத்துவர் ராபர்ட் கொக்ரேன், அந்த விலையுயர்ந்த மருந்துக்கு மூலமான எளிய சல்ஃபோனையே, நஞ்சு என்று ஒதுக்கப்பட்டிருந்த டாப்சோனை, எண்ணெயில் கலந்து சிறிய அளவில் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார். அளவைக் குறைத்தால் அது நஞ்சல்ல, மருந்து என்று தெரியவந்தது. பின்னர் மாத்திரையாக வந்து உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் தொழுநோய்ச் சிகிச்சையின் தூணாக நின்ற டாப்சோனின் கதையில் செங்கல்பட்டுக்கு இந்த இடம் உண்டு. தொழுநோய் இல்லம் என்றால் முகம் சுளிக்கிற ஊர், தன் பெருமை இன்னதென்று தெரியாமல் இருக்கிறது.

இன்னோர் ஆய்வு 1968-ல் தொடங்கியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி உண்மையிலேயே காக்கிறதா என்று ஏறத்தாழ 3,60,000 பேர் வாழும் ஊர்களில் நடந்த ஆய்வு. விடை யாரும் விரும்பாதது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது பயன்தரவில்லை. எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை ஒளிக்காமல் வெளியிட்ட நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். இதில் ஒரு விசித்திரம்: அதே பிசிஜி இன்று ஆரம்ப நிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, பைக்குள்ளேயே செலுத்தப்படும் முதன்மையான சிகிச்சை. 

புற்றுநோயிலும் இந்த மரபு தொடர்ந்தது. 1954-ல் 12 படுக்கைகளோடு முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு நிலையம், பெரும்பகுதி நோயாளிகளை இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்தது. நிலையத்தை வளர்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் இந்த இரண்டையும் தனித்தனி வேலையாக நினைக்கவில்லை. 1984-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மெக்ராத்தோடு சேர்ந்து அடையாறு, டாடா, தில்லி எய்ம்ஸ் ஆகியவை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையை வகுத்தன. அதற்கு முன் ஐந்து குழந்தைகளில் ஒன்று பிழைத்தது. அதன் பின் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். பயன்படுத்தியவை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்துகளே. எந்த மருந்தை எப்போது, எந்த அளவில், எதோடு சேர்த்து என்ற ஒழுங்குதான் புதியது. அவற்றில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் கடற்கரை மணலில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியில் இருப்பது. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில் கிடைக்கும்.

திண்டுக்கல் ஆய்வு இன்னும் எளிமையானது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்டச் சமையல் வினிகர் அளவுக்கானதை, பஞ்சால் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவ மையம், அடையாறு நிலையம், லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து 31,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தன. 2007-ல் வந்த முடிவு: கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்தன. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்ணை 'ஒரு டெஸ்ட் எடுத்துட்டுப் போம்மா' என்று செவிலியர் அழைக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

தடுப்பூசியின் கதை சங்கடமானது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரசுக்கான ஊசி இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று 2009-ல் இந்தியாவின் பல மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதே நேரத்தில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் உள்ளிட்ட இடங்களில் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை கருதியது. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தது வெளிவந்தது. 2010-ல் எல்லா எச்பிவி ஆய்வு ஊசிகளையும் அரசு நிறுத்தியது. அதனால் பல மைய ஆய்வில் இருந்த ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை, பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். ஒரே ஊசியும் ஏறத்தாழ அதே அளவுக்குக் காக்கிறது என்று தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றதற்கு இந்த இந்தியச் சிறுமிகள் தந்த சான்று முக்கிய காரணம். மூன்று தவணையோடு ஒப்பிட்டால் ஊசிக்கான செலவு மூன்றில் ஒன்றானது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கான எச்பிவி ஊசிக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. மூன்று ஊசியாக இருந்தால் அந்தப் பணம் எத்தனை பேருக்குப் போதும் என்று வாசகரே கணக்குப் போடலாம்.

கம்மத்தை மறக்கக் கூடாது. 'நம்மளைச் சோதனை எலி ஆக்குறாங்க' என்று கிராமத்தில் யாராவது சொன்னால் அது அறியாமை அல்ல, அனுபவம். ஏழைகளிடம் செலவைக் குறைக்கும் ஆய்வு நடத்துகிறவர்கள் ஏழைகளுக்குக் குறைந்த சிகிச்சை கொடுக்கிறார்கள் என்ற ஐயத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது. ஒப்புதல் படிவம் நோயாளியின் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். முடிவு வந்ததும் முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடற்கரையில் அறிவியல் வளத்துக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1985-ல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் இட்ரியம் ஆக்சைடை வைத்து ஸ்ட்ரான்சியம்-89 தயாரிக்கும் முறையை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் தாங்கமுடியாத வலியைத் தணிக்க உதவும் கதிரியக்கப் பொருள் அது. தையூரில் இரண்டாம் வளாகம் அமைத்துள்ள சென்னை ஐஐடி, 2025 பிப்ரவரியில் இந்தியப் புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்தை வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தகவல் அதில் இருக்கிறது. 2012-ல் ஒப்புதல் பெற்றுத் திருமணியில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக எழுந்த ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகமோ, 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் பார்த்தபோது ஓர் ஊசிகூடத் தயாரிக்காமல் நின்றது. அங்கே தயாரிக்கத் திட்டமிட்ட தடுப்பூசிகளில் மஞ்சள்காமாலை-பி ஊசியும் ஒன்று. கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. கொக்ரேன் எண்ணெயில் கலந்த மருந்தோடு நடந்த அதே ஊரில்தான் இந்தக் கட்டடங்கள். கட்டடம் கட்டுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். கேள்வி கேட்பதில்தான் சளைத்துவிட்டோம்.

முதலமைச்சராக இருந்த அண்ணா, 1968 செப்டம்பரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவர் பெயரில் காரப்பேட்டை மருத்துவமனை வந்தது. இன்று அங்கே நாள்தோறும் கரன்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் எந்த ஆய்விலும் எண்ணப்படாமல் போகிறார்கள் என்றால், அது வீணாகும் அறிவு. காரப்பேட்டை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, அடையாறு ஆகிய மூன்றுக்கும் இடையில் ஓரிரு மணி நேரப் பயணம்தான். எத்தனை தடவை கதிர்வீச்சு போதும், எந்த மருந்தைப் பாதி அளவில் கொடுக்கலாம், மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஓராண்டு வேண்டுமா, ஆறு மாதம் போதுமா என்பன நோயாளி வரிசையில் நிற்கும்போதே விடை காணக்கூடிய கேள்விகள். கடைசிக் கேள்விக்கு 4,089 பேரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வு 'ஆறு மாதம் போதும்' என்றது. வேறு சில ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நம் பெண்களிடம் நாமே கேட்டிருந்தால் இன்று தெளிவாக இருந்திருக்கும்.

காப்பீட்டுத் திட்டம் எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு பணம் என்பதை ஏற்கெனவே பதிவுசெய்கிறது. மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு நிலையம் 2012 முதல் நடத்துகிறது. இரண்டையும் நோயாளியின் அந்தரங்கம் காத்து இணைத்து, புற்றுநோய்க்காகக் காப்பீடு கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு ரூபாயைச் 'செலவு குறைக்கும் ஆய்வு' என்று தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பதே தமிழக அரசுக்கு என் கோரிக்கை. அந்த ஒரு ரூபாயை எந்த மருந்து நிறுவனமும் தராது.